திருடன் யார்? எழுத்துக்கூட்டிப் படி

அமெரிக்கப் பாடநூல் உலகின் மிகப் பெரிய மர்மம் ஒரு பூனையைப் பற்றியது. இன்றுவரை யாரும் அதைத் துப்பறியவில்லை.

ஸ்காட் ஃபோர்ஸ்மன் என்ற நிறுவனம் 1930-இலிருந்து ஒன்றாம் வகுப்புக்கென்று வெளியிட்ட வாசிப்புப் புத்தகங்களில் டிக் என்று ஓர் அண்ணன், ஜேன் என்று ஒரு தங்கை. அவர்கள் வீட்டில் ஸ்பாட் என்று ஒரு பூனை. சில வருடம் கழித்து வந்த பதிப்புகளைத் திறந்தால் ஸ்பாட் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது, நாயாக! பூனை வேலைக்கு பஃப் என்று வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பழைய ஸ்பாட் எங்கே போயிற்று? டிக் கேட்கவில்லை. ஜேனும் கேட்கவில்லை. பார், ஓடு, வா என்ற வட்டத்துக்குள் அடங்காத எதையும் அந்தக் குடும்பம் கண்டுகொள்வதே இல்லை. வீட்டுப் பூனை நாயாக மாறினாலும் முகத்தில் சிரிப்பு மாறாது.

இதற்குப் பின்னால் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். டிக்கையும் ஜேனையும் உருவாக்கிய பெருமை ஜெர்னா ஷார்ப் என்ற அம்மாளுக்கு. கல்விக் கோட்பாட்டுக்குப் பொறுப்பு சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் எஸ். கிரே. குழந்தை ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கக் கூடாது, முழுச் சொல்லையும் ஒரு முகத்தைப் போல அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர்கள் முறை. ‘க’வுக்கு மேலே சுழி போட்டால் ‘கி’ என்று நான்கே நாளில் சூட்சுமத்தைப் பிடித்துக்கொள்ளும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் எழுதுவது ஒன்றும் ஒலிப்பது ஒன்றுமாக உள்ள ஒரு பாஷையை வைத்துக்கொண்டு அவர்களும் என்னதான் செய்வார்கள்? முகம் மனதில் பதிய வேண்டுமானால் அடிக்கடி பார்க்க வேண்டும். ஆகவே ஒரு புதுச்சொல் வந்தால் அதைத் திரும்பத் திரும்ப, பக்கத்துக்குப் பக்கம் சொல்லியாக வேண்டும் என்று விதி செய்தார்கள்.

விதி சரிதான். அதைக் காப்பாற்றக் காரணம் ஒன்று வேண்டாமா? எதிரே நிற்கும் தங்கையிடம் ஒருவன் ஒரே விஷயத்தை ஐந்து தடவை சொன்னால், நம் ஊரில் வேப்பிலை அடிப்பார்கள். ஒரே கேள்வியை ஊரெல்லாம் போய் ஆளாளுக்குக் கேட்டும் அசட்டுப் பட்டம் வாங்காதவன் உலகத்தில் ஒருவன்தான் உண்டு: துப்பறிகிறவன். நேற்று ராத்திரி எங்கே இருந்தாய்? நீ எங்கே இருந்தாய்? நீ? அவனுக்கு அது பிழைப்பு. திருப்பிச் சொல்ல அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறது. சொற்களைக் குறைத்துப் பேசவும் அவனுக்கு உரிமை உண்டு. அது கம்பீரம் என்றே கொள்ளப்படும். பேராசிரியர்கள் பட்டியல் போட்டுச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்த முப்பது வருடத்தில், இந்தச் சின்ன விஷயம் யாருக்கும் தோன்றவில்லை. ஓரளவுக்குத் தோன்றியது ஒரே ஒரு டீச்சருக்கு.

அவர் பெயர் கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர். 1890-இல் கனெக்டிகட் மாநிலத்தின் பட்னம் என்ற ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிர்வீட்டில் பிறந்தவர். நோஞ்சான் உடம்பு, பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பு எடுக்கிறாரே, இவர் போதும் என்று 1918-இல் ஒன்றாம் வகுப்பில் தள்ளிவிட்டார்கள். பட்டம் இல்லை, பயிற்சி இல்லை, கோட்பாடு சுத்தமாக இல்லை. அதே ஊரில் 32 வருடம் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்தார். கோட்பாடு இருந்திருந்தால் இரண்டாம் வருடமே ஓடிப்போயிருப்பார்.

சிறு பெண்ணாக இருந்தபோது, நின்றிருந்த சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு குட்டி அடுப்பு, காபிப் பாத்திரம். அதிலேயே குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று அப்போது பிடித்த ஆசை, பிற்காலத்தில் நோயில் படுத்திருந்தபோது கதையாக வெளியே வந்தது. நான்கு அனாதைப் பிள்ளைகள், ஒரு பழைய சரக்கு ரயில்பெட்டி, அதில் தனிக்குடித்தனம். தாத்தா ஒருவர் இருக்கிறார், அவர் பொல்லாதவர் என்று கேள்வி. ஆகவே அவர் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்கிறார்கள்.

‘பாக்ஸ்கார் சில்ட்ரன்’ முதலில் வந்தது 1924-இல். அதன் முதல் பக்கத்தைப் படித்தால் குழந்தைப் புத்தகம் என்று நம்பமாட்டீர்கள். பிள்ளைகளின் அப்பா முழுப் போதையில் தள்ளாடிக்கொண்டு ஊருக்குள் வருகிறார். வந்த வேகத்தில் செத்தும் போகிறார். 1942-இல் வார்னர் அதே கதையை எளிய சொற்களில், சுமார் 600 சொற்களுக்குள் அடக்கித் திருப்பி எழுதினார். சொற்கள் வெளியேறிய கூட்டத்தில் அப்பாவும் வெளியேறிவிட்டார். பிள்ளைகள் ஏற்கெனவே அனாதைகளாகத்தான் கதைக்குள் நுழைகிறார்கள். கார்டிஸ் என்ற குடும்பப் பெயர்கூட ஆல்டன் என்று சுருங்கியது. தமிழ்நாட்டில் மதுவிலக்குக்காக எத்தனையோ மேடை போட்டிருக்கிறோம். ஒரு குடிகாரரை இவ்வளவு சுத்தமாக ஒழித்துக்கட்டிய திட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இந்த 1942 பதிப்பை வெளியிட்டது யார்? அதே ஸ்காட் ஃபோர்ஸ்மன். ஒரு கையால் டிக்கையும் ஜேனையும் ஓடவிட்டுக்கொண்டே, இன்னொரு கையால் அவர்களுக்கு மாற்று மருந்தையும் விற்றிருக்கிறார்கள்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் ஓட்டப்பந்தயம். மூத்தவன் ஹென்றி ஊர் விளையாட்டு விழாவில் ஓடி ஜெயிக்கிறான். பரிசு கொடுக்கிறவர் ஒரு பணக்காரப் பெரியவர். எந்தத் தாத்தாவுக்குப் பயந்து பையன் ஒளிந்து திரிகிறானோ, அதே தாத்தா. இவனுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவனைத் தெரியாது. கைகுலுக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் இதற்குக் கழுத்தில் ஒரு டாலரும் பின்னணியில் ஒரு குடும்பப் பாட்டும் தேவைப்பட்டிருக்கும்.

நூலகர்கள் சிலர் கொதித்துப்போனார்கள். புத்தகத்தில் கெட்ட வார்த்தை இல்லை, திருட்டு இல்லை, கொலை இல்லை. குற்றச்சாட்டு வேறு: பெரியவர்களின் கட்டுப்பாடு இல்லாமல் இந்தப் பிள்ளைகள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கக் கூடாது. அதனால்தானே குழந்தைகளுக்குப் பிடிக்கிறது என்று வார்னர் பதில் சொன்னார். பிறகு 1949-இலிருந்து தொடர் கதைகள் எழுத ஆரம்பித்தார். அவற்றில் நிஜமான மர்மங்கள் வரிசையாக வந்தன. அவர் எழுதியவை மொத்தம் 19. அவற்றில் பிள்ளைகள் நம்மைப்போலவே வயதானார்கள். அவர் 1979-இல் காலமான பிறகு, 1991-இலிருந்து வேறு ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பழைய வயதையே திருப்பிக் கொடுத்து, இனி வளரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். கடைக்குட்டி பெனிக்கு ஆறு வயது. நூற்றுக்கு மேற்பட்ட மர்மங்களைத் துலக்கிய பிறகும் ஆறு வயது. எந்த இன்ஸ்பெக்டருக்கும் பிரமோஷன் இவ்வளவு தள்ளிப்போனதில்லை.

1954-க்கு வருவோம். ஹிரோஷிமாவைப் பற்றி உலகமே கலங்கும்படி எழுதிய ஜான் ஹெர்ஸி, ‘லைஃப்’ பத்திரிகையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களைப் பற்றி எழுதினார். அணுகுண்டு விழுந்த நகரத்தைப் பார்த்து வந்தவரையே அசைத்துவிட்டன அந்தப் புத்தகங்கள். அசாதாரண மரியாதையும் அநியாயச் சுத்தமுமாக இருக்கிற இந்தப் பிள்ளைகளை எந்தப் பிள்ளை படிக்கும் என்பது அவர் கேள்வி. குழந்தைகளுக்குப் படக்கதை போடும் டாக்டர் சூஸ் மாதிரி கற்பனையுள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றார். ஹெர்ஸி இதையெல்லாம் யோசித்தது கனெக்டிகட்டில், ஃபேர்ஃபீல்டு என்ற ஊரின் பள்ளிக் குழுவில் உட்கார்ந்துகொண்டு. அதே மாநிலத்தின் மறுகோடியில், ஒன்றாம் வகுப்பில் 32 வருடத்தை ஓட்டி முடித்த ஒரு டீச்சர் இருப்பது நினைவில் வந்ததாகத் தெரியவில்லை. நிபுணர்களுக்கு உள்ளூர்க்காரர் கண்ணில் படுவதில்லை. இது கனெக்டிகட்டுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

அடுத்த வருடம் ருடால்ஃப் ஃபிளெஷ், ஜானியால் ஏன் படிக்க முடியவில்லை என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு புத்தகம் போட்டார். குற்றவாளி முழுச்சொல் முறைதான் என்று முதல் அத்தியாயத்திலேயே காட்டிக்கொடுத்துவிட்டதால், மர்மக்கதை என்ற வகையில் அது தோல்வி. விற்பனையில் அப்படி இல்லை. நாடு முழுக்கப் பெற்றோர் பதறினார்கள். ஹௌட்டன் மிஃப்லின் நிறுவனத்தின் வில்லியம் ஸ்பால்டிங், டாக்டர் சூஸைப் பிடித்து, 348 சொற்கள் கொண்ட பட்டியலைக் கையில் கொடுத்து, இதிலிருந்து 225 சொற்களுக்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கீழே வைக்க முடியாத கதை எழுது என்றார். சூஸ் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டினார். 236 சொற்களில் முடித்தார். 1957-இல் ‘தி கேட் இன் தி ஹேட்’ வந்தது.

அதைச் சிரிப்புக் கதை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அம்மா வெளியே போயிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குள் நுழைகிறான். கூட்டாளிகள் இரண்டு பேரைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். பொருட்கள் நாசம். நேரடிச் சாட்சி ஒரு மீன். அம்மா வருவதற்குள் எல்லாத் தடயத்தையும் துடைத்துவிட்டுக் குற்றவாளி தப்பி ஓட்டம். நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்ற யோசனையோடு கதை முடிகிறது. மூன்று வருடம் கழித்து, 50 சொற்களில் புத்தகம் எழுத முடியாது என்று பதிப்பாளர் பென்னட் செர்ஃப் 50 டாலர் பந்தயம் கட்ட, சூஸ் ஜெயித்தார். பந்தயப் பணம் கைக்கு வரவே இல்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். பதிப்பாளரிடமிருந்து காசு வராத மர்மத்தைத் தமிழ் எழுத்தாளர்கள் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

1957-இலேயே ஹார்ப்பர் நிறுவனமும் தொடக்கநிலை வாசகர்களுக்கென்று ஒரு வரிசையை ஆரம்பித்திருந்தது. அதில் 1963-இல் ஒரு துப்பறியும் கதையோடு வந்தார் கிராஸ்பி பான்ஸால் என்ற அம்மணி. ‘தி கேஸ் ஆஃப் தி ஹங்கிரி ஸ்ட்ரேஞ்சர்’. குற்றம்: பக்கத்து வீட்டு அம்மாள் செய்து வைத்த புளூபெரி பை காணாமல் போய்விட்டது. துப்பறிவது விஸர்ட் என்ற பையனும் அவனுடைய மூன்று சகாக்களும். துப்பு: புளூபெரி தின்றவன் பல் நீலமாக இருக்கும். ஆகவே ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் பல்லைக் காட்டச் சொல்ல வேண்டும். நீ பல்லைக் காட்டு. நீ பல்லைக் காட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் அதே சொற்கள். குழந்தைக்குச் சலிக்கிறதா? சலிக்காது; அடுத்த பல் நீலமாக இருக்கலாமே! முப்பது வருடமாகக் காரணமில்லாமல் சொல்லப்பட்டதைக் காரணத்தோடு சொல்லவைத்தது ஒரு பழப் பணியாரம். திருடன் யார் என்று இங்கே சொல்லமாட்டேன். ஆறு வயதுக்காரர்களின் சாபம் பொல்லாதது.

படங்களையும் பான்ஸாலே வரைந்தார் என்பது முக்கியம். இந்த வகைக் கதையில் எழுதுகிறவரைவிட வரைகிறவர் கையில்தான் ரகசியம் இருக்கிறது. அவர் ஆர்வக்கோளாறில் ஓர் ஓரத்தில் நீலப்பல்லைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. படிக்கத் தெரிந்த அண்ணன் விரலை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போது, படிக்கத் தெரியாத தம்பி தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து, “இவந்தாண்டா திருடன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அந்தக் குடும்பத்தில் கல்விக்கு என்ன மதிப்பு மிஞ்சும்?

எழுதுகிறவருக்கும் சங்கடங்கள் கொஞ்சமல்ல. கொலை கூடாது. பிணம் விழுந்தால் அடுத்த ஐந்து பக்கத்துக்குப் பிரேதப் பரிசோதனை, கைரேகை, விஷம் என்று பட்டியலில் இல்லாத சொற்கள் வந்து நிற்கும். கடத்தல் கூடாது. கள்ளக்காதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நம் வாரப்பத்திரிகைத் துப்பறியும் கதையில் முக்கால்வாசி அடிபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது தொலைந்துபோன பொருட்கள்: பூனை, சாவி, பந்து, பலகாரம். சந்தேகத்துக்கு உரியவர்கள் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. நான்குபேரில் திருடனைக் கடைசிவரை மறைத்துவைக்க வேண்டும். நாற்பது சந்தேக ஆசாமிகளை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிவிட்டு ஒளித்துவைக்கிற ஆங்கில மேதைகள் இதை முயன்று பார்த்திருக்கலாம்.

இதை முயன்று ஜெயித்தவர் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் பிறந்த மார்ஜரி வைன்மன் ஷார்மட். 1972-இல் வந்தது ‘நேட் தி கிரேட்’. நேட் என்பது அவருடைய அப்பா நேதனின் பெயர். அப்பாவை அரைக்கால் சட்டை போடும் வயதுக்குக் கொண்டுபோய், ஷெர்லக் ஹோம்ஸ் தொப்பியும் கோட்டும் மாட்டி, பேன்கேக் தின்னவைத்து, துப்பறிய அனுப்பிவிட்டார். இந்தப் பழிவாங்கலுக்கு ஆசைப்படாத பிள்ளைகள் குறைவு. செய்துகாட்டி ராயல்டியும் வாங்கியவர் இவர்.

ஷார்மட் செய்த தந்திரம் எளிமையானது. டாஷியல் ஹாமெட், ரேமண்ட் சாண்ட்லர் வகையறாத் துப்பறிவாளர்கள் எப்படிப் பேசுவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு மூன்று சொல்லில், முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளியாக. வாழ்க்கையில் அடிபட்டவர்கள், அதனால் வார்த்தை சுருக்கம். ஒன்றாம் வகுப்பு வாசகர் எப்படிப் படிப்பார்? அதே மாதிரி. அவர் அடிபட்டது வாழ்க்கையில் அல்ல, எழுத்தில்; விளைவு ஒன்று. நாற்பது வருடம் நோஞ்சானாகத் தெரிந்த குட்டிவாக்கியம், துப்பறிவாளன் வாயில் வந்ததும் மீசை முளைத்து நின்றது. படிக்கத் திணறும் குழந்தை, தான் திணறுவதாக நினைக்கவில்லை. கெத்தாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டது. போதாததற்கு, நேட் தன்னைக் குறிப்பிடும்போதெல்லாம் பட்டப் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொள்வான். பேராசிரியர் கிரே விரும்பிய அத்தனை திருப்பிச் சொல்லலும் ஒரு சிறுவனின் தற்பெருமையில் நிறைவேறிவிட்டது.

முதல் வழக்கு இது. ஆனி என்ற சிறுமி தன் நாய் ஃபாங்கை மஞ்சள் வண்ணத்தில் படம் வரைந்தாள். படத்தைக் காணோம். நேட் போகிறான். ஆனியின் அறை முழுக்க மஞ்சள். நாய் எடுத்துப் புதைத்திருக்குமோ என்று தோட்டத்தைத் தோண்டிப் பார்க்கிறான், இல்லை. பூனைப் பைத்தியமான ரோஸமண்ட் வீட்டுக்குப் போகிறான்; அங்கே பூனைகள்தான். கடைசியாக ஆனியின் தம்பி ஹாரி. அவன் எல்லாவற்றையும் சிவப்பில் வரைகிறவன். அவன் படங்களுக்கு நடுவில் மூன்று தலைப் பூதம் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. மஞ்சளின் மேல் சிவப்பு பூசினால் ஆரஞ்சு. வழக்கு முடிந்தது, கூலி பேன்கேக்.

இந்தத் துப்பை நான் ஷெர்லக் ஹோம்ஸின் நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலுக்கும் மேலே வைப்பேன். சாம்பலைப் பற்றி வாசகருக்கு எதுவும் தெரியாது. ஹோம்ஸ் சொன்னால் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சு என்பது ஆறு வயது வாசகருக்குத் தெரியும். போன வாரம்தான் சுவரில் செய்துபார்த்து அடி வாங்கியிருப்பார். துப்பறிவாளனுக்குத் தெரிந்த அத்தனையும் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று பெரியவர்களின் மர்மக்கதைக்குச் சங்கம் வைத்துச் சட்டம் போட்டவர்கள் உண்டு. ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் ஒரு பேன்கேக் தின்னி. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு ஒரு கோப்பைத் தேநீர் உள்ளே போனால்தான் மூளை ஓடும் என்று வளர்ந்தவர்களுக்கு, இந்தப் பையன் உறவுக்காரனாகவே தெரிவான். 1974-இல் வந்த அடுத்த புத்தகத்தில் ஸ்லட்ஜ் என்ற நாயும் உதவிக்குச் சேர்ந்துகொண்டது. அது தொடக்கம் முதல் இன்றுவரை நாயாகவே இருந்துவருகிறது என்பதைப் பாடநூல் நிறுவனங்கள் கவனிக்கவும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 1963-இலேயே டொனால்ட் சோபலின் ‘என்சைக்ளோபீடியா பிரவுன்’ இருந்தான். கூலி ஒரு நாளைக்கு 25 சென்ட், செலவு தனி. அப்பா போலீஸ் தலைவர். சாப்பாட்டு மேஜையில் வழக்கைச் சொல்லுவார், பையன் தீர்த்துவைப்பான், ஊரில் எல்லோரும் அப்பாவைப் புகழ்வார்கள். விடைகள் புத்தகத்தின் கடைசியில். முதல் புத்தகத்தில் ஒரு போக்கிரி, உள்நாட்டுப் போர்க்காலத்து வாள் என்று சொல்லி ஒன்றைத் தள்ளப் பார்க்கிறான். புல்ரன் என்ற இடத்தில் நடந்த முதல் போருக்காக 1861-இல் தரப்பட்டது என்று வாளில் பொறித்திருக்கிறது. அடுத்த வருடம் அங்கே இரண்டாவது போர் வரப்போவது 1861-இல் எவனுக்குத் தெரியும்? இதே பரிசோதனையை நம் ஊரில் சில ‘முதலாம் உலக மாநாடு’ கல்வெட்டுகளுக்குச் செய்யக் கூடாது. அங்கே நடத்துகிறவர்களுக்கு நம்பிக்கை அதிகம், அவ்வளவுதான்.

1980-இல் டேவிட் ஆட்லர் என்ற கணக்கு வாத்தியார் ‘கேம் ஜேன்சன்’ என்ற பெண்ணைக் கொண்டுவந்தார். அவளுக்குப் பார்த்ததெல்லாம் புகைப்படமாக மனதில் பதியும். கண்ணை மூடி ‘கிளிக்’ என்பாள். நடந்தது முழுதும் திரும்ப ஓடும். வாசகருக்கும் ரிவிஷன் ஆயிற்று. அதே வருடம் பான்ஸாலும் ஒரு கணக்கைத் தீர்த்தார். பெண்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதித் தொங்கவிட்டிருந்த விஸர்டின் துப்பறியும் கூடாரத்துப் பையன்களை, மாரிகோல்டு என்ற சிறுமி ஒரு சங்கேதக் கடிதத்தை வைத்தே ஏய்த்துவிட்டாள். பதினேழு வருடம் ஊரார் பல்லைப் பார்த்த சங்கம் சொந்தப் பல்லைக் காட்டி நின்றது.

1997-இல் இந்தத் தொழிலுக்குக் கச்சிதமான கணக்குப்பிள்ளை கிடைத்தார். ரான் ராய் என்ற எழுத்தாளர் ஏ எழுத்துக்கு ஒரு மர்மம், பி எழுத்துக்கு ஒரு மர்மம் என்று ஆரம்பித்தார். ஏ-யில் காணாமல் போனது ஓர் எழுத்தாளர். இசட்டில் வந்தது பிணப்பேய். 2005-இல் எழுத்து தீர்ந்துவிட்டது. பாவம், 26 எழுத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? பிறகு மாதத்துக்கு ஒரு மர்மம் என்று காலண்டரைப் பிடித்தார். அதிலும் மாதம் பன்னிரண்டுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதை எழுத நினைக்கும் நம் ஊர் எழுத்தாளருக்கு இந்தத் தொல்லை இல்லை. 247 எழுத்து இருக்கிறது. வருடத்துக்கு மூன்று என்று எழுதினாலும் பேரன் காலம்வரை வரும். ‘க’வில் கம்மல், ‘கா’வில் காராசேவு என்று ஜோராகத்தான் போகும். ‘ஙௌ’வில் தொடங்கும் பொருள் எதையாவது யாராவது தொலைத்திருந்தால் மட்டும் உடனே சொல்லியனுப்பவும்.